டொலுயீன் எங்கே போனது?

மூலம்: “அறை வெப்பநிலையில் வரும் டொலுயீன் காற்றை மின்காப்புத் தடுப்புள்ள மின்னிறக்கத்தின் வழியே விடு, உடன் பிறக்கும் ஓசோனை மாங்கனீசு ஆக்சைடின் மேல் உடை, கார்பனைக் கணக்கிட்டு முடி.”

மின்னிறக்கம் உண்டாக்கும் பிளாஸ்மாவையும் மாங்கனீசு ஆக்சைடு என்ற வினையூக்கியையும் சேர்த்துக் கழிவுக்காற்றைத் தூய்மை செய்யும் முறையை ஒரே வாக்கியத்தில் அடக்கியிருக்கிறேன். இனி உரை.

‘அறை வெப்பநிலையில் வரும் டொலுயீன் காற்று’: பெயின்ட், அச்சுமை, பசை கையாளும் ஆலைகள் வெளிவிடும் காற்று. அதில் டொலுயீன் என்ற கரைப்பான் பெரும்பாலும் பத்து லட்சத்தில் சில நூறு பங்குதான். வெறும் வெப்பத்தால் எரிப்பதென்றால் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தச் சில நூறு பங்குக்காக மீதிக் காற்று முழுவதையும் சூடாக்க நேரும்.

‘மின்காப்புத் தடுப்புள்ள மின்னிறக்கம்’: இரு மின்முனைகளுக்கு நடுவே கண்ணாடியோ பீங்கானோ நிற்க, பல ஆயிரம் வோல்ட் மாறுமின்னழுத்தம் தருவது. 1857இல் வெர்னர் வான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்க அமைத்த கருவியும் இவ்வகையே. மின்னோட்டம் ஒரே பொறியாகத் திரளாமல் நுண்ணிழைகளாகச் சிதறி, நானோ நொடிகளில் அணையும். எலக்ட்ரான்கள் மட்டும் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெறும். காற்று பெரிதாகச் சூடேறாது. ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளக்க 5.1 எலக்ட்ரான் வோல்ட் போதும், நைட்ரஜனுக்கு 9.8 வேண்டும். எனவே ஆக்சிஜனே எளிதில் உடையும். மின்சாரம் மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கிளம்பும்.

‘உடன் பிறக்கும் ஓசோன்’: மூலத்தின் உயிர்நிலை இங்கே இருக்கிறது. உடைந்த ஆக்சிஜன் அணுக்களில் பல, டொலுயீனைத் தொடும் முன்பே ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிவிடும். ஓசோன் நுரையீரலுக்குக் கேடு, வெளியே விடலாகாது. ஆனால் செலவழித்த மின்சாரத்தின் ஒரு பகுதி அதில்தான் தங்கியிருக்கிறது. தனியே விட்டால் அது டொலுயீனோடு மிக மெதுவாகவே வினைபுரியும். மாங்கனீசு ஆக்சைடின் பரப்பில் பட்டதும் ஓசோன் உடையும். ஆக்சிஜன் மூலக்கூறு விலக, ஓர் ஆக்சிஜன் அணு பரப்பிலேயே ஒட்டி நிற்கும். அங்கே வந்து படியும் டொலுயீனையும், பிளாஸ்மா அரைகுறையாக விட்டவற்றையும் அது ஆக்சிஜனேற்றும். கேட்டையே கருவியாக்குவதால்தான் பிளாஸ்மாவையும் வினையூக்கியையும் சேர்க்கிறோம். ஈரம் மிகுந்தால் நீர் மூலக்கூறுகள் அந்தப் பரப்பை அடைத்துக்கொள்ளும், வினை தளரும்.

‘கார்பனைக் கணக்கிட்டு முடி’: டொலுயீன் மூலக்கூறு ஒன்றில் ஏழு கார்பன். ஒன்பது ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து அது ஏழு கரியமில வாயுவும் நான்கு நீருமாக வேண்டும். ‘டொலுயீன் 95 சதவீதம் மறைந்தது’ என்பதோடு நிற்கும் அறிக்கையை நான் ஏற்பதில்லை. மறைந்தது கார்பன் மோனாக்சைடாகவோ பென்சால்டிஹைடாகவோ பார்மிக் அமிலமாகவோ வெளியேறியிருக்கலாம். பழுப்புப் படிவாக வினையூக்கியின் மேல் ஒட்டி அதை மெல்லச் செயலிழக்கச் செய்துகொண்டிருக்கலாம். உள்ளே போன கார்பன், கரியமில வாயுவாக வந்த கார்பன், ஒரு லிட்டர் காற்றுக்குச் செலவான ஜூல் ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும். படிந்ததை அறிய, பயன்படுத்திய வினையூக்கியை ஆக்சிஜனில் சூடாக்கி, அப்போது எழும் கரியமில வாயுவையும் அளந்து கணக்கில் சேர்க்க வேண்டும்.