தாப்பா வட்டாரத்தில் குழந்தைகளின் சுவாசத் தொற்று

பேரா மாநிலத்தின் பத்தாங் பாடாங் மாவட்டத்தில், கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையின் அடிவாரத்தில் இருக்கிறது தாப்பா. இங்கும் குழந்தைகளுக்கு வரும் சளி, இருமலில் பெரும்பகுதி வைரஸால் வருவது, தானாகவே தணிந்துவிடும். ஆனால் ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள் கைக்குழந்தைகளின் நுண்ணிய மூச்சுக்குழல்களை அடைத்து இளைப்பை உண்டாக்கும். நிமோகாக்கஸ், ஹிப் ஆகிய பாக்டீரியாக்கள் நுரையீரலைத் தாக்கினால் நிமோனியா. உலகில் 2019-இல் மட்டும் 5 வயதுக்குட்பட்ட 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் நிமோனியாவால் இறந்தனர்.

தாப்பா வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டக் காலத்தில் தாய்மார் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். ஒரே கூரையின்கீழ் பல வீட்டுக் குழந்தைகள். ஒன்றுக்குச் சளி பிடித்தால் மற்றவற்றுக்கும் தொற்ற வழியுண்டு. லயத்து வீடுகளில் விறகடுப்புப் புகை வேறு. நோயுற்ற குழந்தையை முதலில் பார்த்தவர் பெரும்பாலும் தோட்டத்து டிரெஸ்ஸர்தான், மருத்துவர் அல்லர். அந்தத் தாய்மாரை அலட்சியக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. இன்று தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறிவிட்டன, குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்துவிட்டன. மலைச்சரிவின் செமாய் பூர்வகுடிக் கிராமங்களுக்கோ தூரமும் விறகுப் புகையும் இன்னும் தீரவில்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்கு உதவும் முறை ஒன்று உண்டு: குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுவது. 2 மாதத்துக்குள் 60, ஓராண்டுக்குள் 50, 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமூச்சு. பாப்புவா நியூகினி மலைநாட்டில் எக்ஸ்ரே கிடைக்காத சூழலுக்காக மருத்துவர் ஃபிராங்க் ஷான் குழுவினர் 1980-களில் செய்த ஆய்வு இம்முறைக்கு அடித்தளமானது. மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தொற்று மட்டுமல்ல, 2015, 2019-ஆம் ஆண்டுகளைப் போலப் புகைமூட்டம் சூழும் காலங்களில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் இளைப்பும் கூடும்.

நிமோனியாவைத் தடுக்க உதவும் ஊசிகளில், மலேசியாவில் ஹிப் தடுப்பூசி 2002-இலும், நிமோகாக்கஸ் தடுப்பூசி 2020 டிசம்பரிலும் தேசியத் திட்டத்தில் சேர்ந்தன. நிமோகாக்கஸ் ஊசியை 4, 6, 15 மாதங்களில் அரசு கிளினிக்குகளில் போடுகிறார்கள். காய்ச்சல், வேலை, பயணம் என்று தவணை தவறியிருந்தாலும் கிளினிக்கில் கேட்டு விடுபட்டதைப் போட்டுக்கொள்ளலாம்.