நான்கு ஆட்டங்களின் வீரர்

ஜாக்கி ராபின்சன் என்றால் பேஸ்பால். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, அமெரிக்கப் பெருந்தொடர்களில் அறுபது ஆண்டுகளாக இருந்த நிறத்தடையை உடைத்தவர். ஆனால் அதற்கு முன் லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் மிக மோசமாக ஆடியது பேஸ்பால்தான். 1940 பருவத்தில் அவருடைய பேட்டிங் சராசரி .097; பத்து முறை மட்டை பிடித்தால் ஒரு ஹிட்கூடத் தேறாத கணக்கு. அதே ஆண்டு நீளம் தாண்டுதலில் 24 அடி 10¼ அங்குலம் தாண்டித் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றார். கூடைப்பந்தில் தம் பிரிவிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தார். அமெரிக்கக் கால்பந்தில், 1939இல், பந்தை ஏந்தி ஓடிய ஒவ்வொரு முறையும் சராசரியாகச் சுமார் 12 கெஜம் கடந்தார். நான்கு விளையாட்டுகளிலும் கல்லூரியின் ‘லெட்டர்’ விருது பெற்ற முதல் மாணவர் அங்கே அவர்தான்.

இதைப் பிறவி மேதைமையின் கதையாகச் சொல்வது வழக்கம். மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால், அது நான்காகப் பிரிந்து கிடந்ததற்கு அந்தக் காலமும் ஒரு காரணம். ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றதை விட வேண்டுமானால், அந்த ஒன்றாவது சோறு போட வேண்டுமல்லவா? தொழில்முறைக் கால்பந்து லீக் 1934 முதல் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. பேஸ்பாலின் கதவு அதற்கும் வெகுகாலம் முன்பே அடைபட்டது. தாண்டும் கால்களுக்கு இருந்த ஒரே பெரிய மேடை ஒலிம்பிக். 1940 போட்டியைப் போர் விழுங்கிவிட்டது. அந்த மேடை ஏறினாலும் என்ன கிடைக்கும் என்பதை அவர் வீட்டிலேயே பார்த்திருந்தார். 1936 பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வந்து 200 மீட்டரில் வெள்ளி வென்ற அண்ணன் மேக், பாசடீனாவுக்குத் திரும்பித் தெருக் கூட்டினார்.

அந்நாளில் வெள்ளை மாணவர்களும் பருவத்துக்கு ஒன்றாகப் பல ஆட்டங்கள் ஆடினார்களே என்று கேட்கலாம். ஆடினார்கள்தான், இலையுதிர் காலத்தில் கால்பந்து, குளிரில் கூடைப்பந்து, வசந்தத்தில் பேஸ்பாலும் தடகளமும் என்று கல்லூரி நாட்காட்டியே அதற்கு வழிசெய்தது. வேறுபாடு கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகுதான் தெரியும். ஒரு பருவத்து .097ஐ வைத்துத் தீர்ப்பு எழுதலாமா என்பது இன்னும் வலுவான மறுப்பு. எழுத முடியாதுதான்: 1938இல் பாசடீனா ஜூனியர் கல்லூரியில் அவர் சிறந்த பேஸ்பால் வீரர். ஒருநாள் காலையில் 25 அடி 6½ அங்குலம் தாண்டி அண்ணனின் சாதனையை முறியடித்துவிட்டு, அன்றே வேறு ஊரில் பேஸ்பால் ஆடினார். ஆகவே பேஸ்பால் அவருக்கு வராத கலையல்ல. எதிர்காலம் இல்லாததால் எல்லாவற்றோடும் ஒன்றாகக் கிடந்த கலை.

1941 வசந்தத்தில், பட்டத்துக்குச் சில மாதங்களே இருக்க, கல்லூரியை விட்டார். படிப்பு கறுப்பினத்தவருக்கு வேலை வாங்கித் தராது என்று நினைத்ததாகப் பின்னாளில் எழுதினார். அந்த இலையுதிர் காலத்தில் ஹொனலூலுவில் அரைத் தொழில்முறைக் கால்பந்து, பிறகு ராணுவம். 1945இல் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிரான்ச் ரிக்கி தேடி வந்தபோது, வெள்ளையரோடு ஒரே அணியில், பெருங்கூட்டத்தின் முன் ஆடிப் பழகிய கல்லூரி அனுபவமும் அவருக்குச் சாதகமானது.

அவரோடு 1939 கால்பந்து அணியில் ஆடிய கென்னி வாஷிங்டனையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக கெஜங்கள் ஈட்டிய அவரைத் தேசியத் தொழில்முறை லீக்கின் எந்த அணியும் எடுக்கவில்லை. 1946 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தபோது வயது 27. முழங்கால்கள் ஏற்கெனவே பழுதாகியிருந்தன. மூன்று பருவங்கள்தான் ஆட முடிந்தது.