வாரங்கல் பருத்தியும் மழையின் கணக்கும்

ஐதராபாத்தின் குகட்பள்ளியிலிருந்து மும்பை நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் படான்செரு; எதிர்த்திசையில், நகரைக் கடந்து வடகிழக்கே சென்றால் வாரங்கல். முன்னது 1972-இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனம் அமைந்த ஊர். பின்னது 1997–98-இல் பருத்தி உழவர்களின் தற்கொலைகளால் நாடறிந்த மாவட்டம். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றி அவ்வாண்டின் துயரம் முழுதும் விளங்காது என்பதே என் கருத்து.

அப்பருவத்தில் தொடக்கத்தில் வறட்சி நிலவியது. பின்னர்க் காலந்தவறிய மழையும் மூட்டமும் வந்தன. புகையிலை வெட்டுப்புழுவும் பச்சைக் காய்ப்புழுவும் பெருகின. விதையையும் மருந்தையும் கடனாகத் தந்த வணிகரே பலருக்கு ஆலோசகராகவும் இருந்தார். இறந்தோரில் பலர் அருந்தியது அதே பூச்சிக்கொல்லியைத்தான். புழுக்களின் எதிர்ப்புத்திறன், போலி மருந்து, கடன் ஆகிய மூன்றையும் வரலாற்றெழுத்து விரிவாகப் பேசுகிறது. மழையோ ஒற்றை வரியில் கடந்து செல்லப்படுகிறது.

மழை செய்வது ஒரே வேலையன்று. தெளித்த சில மணி நேரத்தில் பெய்தால் இலைமேல் உள்ள மருந்தைக் கழுவிவிடும். நிலத்தில் விழுந்தபின் மருந்தின் போக்கு அதன் இயல்பையும் மண்ணின் இயல்பையும் பொறுத்தது. நீரில் எளிதாகக் கரையும் மோனோகுரோட்டோபாஸ், மட்கு குறைந்த செம்மண்ணில் நீரோடு கீழிறங்கும். சைபர்மெத்ரினும் எண்டோசல்பானும் மண்துகளைப் பற்றிக்கொள்வதால், பெரும்பாலும் அரிக்கப்படும் மண்ணோடு குளங்களையும் ஓடைகளையும் அடையும். கரிசலிலோ, கோடையில் விழுந்த வெடிப்புகளின் வழியே முதல் மழை மேல்மண்ணில் தங்காது ஆழத்துக்குப் பாயும். வாரங்கலில் பருத்தி கரிசலில் மட்டுமன்றிச் செம்மண்ணுக்கும் பரவியிருந்தது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

உழவர் கண்டது ஒன்றே: புழு சாகவில்லை. மருந்து கழுவப்பட்டதா, போலியா, புழு பழகிவிட்டதா என்று வயல் வரப்பில் நின்று பிரித்தறிய வழியில்லை. மூன்றும் வெவ்வேறு நோய்கள். ஆயினும் கிடைத்த பரிகாரம் ஒன்றுதான், கடனில் மீண்டும் ஒரு தெளிப்பு. மழை கழுவியது பயிரின் காப்பை மட்டுமே; கடைக்காரரின் பேரேட்டில் ஏறிய தொகையை அது கழுவவில்லை.

படான்செருவின் கரிசலில் 1976 முதல் நடந்த நீர்ப்பிடிப்பு ஆய்வு, அகலப் பாத்தியும் இடைவாய்க்காலும் அமைத்துப் பருவத்தே பயிரிட்டால் மண்ணரிப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும் எனக் காட்டியது. பூச்சிக்கொல்லியை மனத்திற்கொண்டு தொடங்கிய ஆய்வன்று அது. ஆயினும் மண் நகராத இடத்தில் மண்ணைப் பற்றிய நஞ்சும் நகராது. அந்த அறிவு இருந்த இடத்துக்கும் அது தேவைப்பட்ட இடத்துக்கும் இடையே சில மணி நேரப் பயணமே.

வேளாண் வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடன் பேரேட்டை விரிக்கும்போது, அதே வாரத்தின் மழைப் பதிவேட்டையும் அருகில் விரித்து வையுங்கள். எந்தத் தெளிப்பு மழைக்கு முன் வாங்கப்பட்டது, எது பின் என்று தேதிவாரியாக ஒப்பிடுங்கள். உழவரின் அறியாமை என்று நாம் எழுதிவைத்த பலவும் அப்போது வேறாகத் தெரியக்கூடும்.