வரி வேண்டாம், சாலை வேண்டும்

தீபாவளியை ஒட்டி சிங்கப்பூர் அதிபரின் மாளிகையான இஸ்தானாவின் வாயில் பொதுமக்களுக்குத் திறக்கும். தேக்காவில் கடைகளைச் சுற்றிவிட்டு, டோபி காட் வரை நடந்துபோய், அதன் புல்வெளியில் படம் எடுத்துக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் பல. 1869-ல் இந்த மாளிகை எழுந்தபோது ஊர் வணிகர்கள் பொருமினார்கள். ஆளுநர் ஹாரி ஆர்டுக்கு இத்தனை பெரிய வீடு எதற்கு, ‘புளூட்டோ’ என்று தனியாக ஒரு நீராவிக் கப்பல் வேறு எதற்கு என்று கேட்டார்கள்.

அரசின் செலவுக்கு யார் பணம் என்ற அந்தக் கேள்விக்கு அப்போதே ஐம்பது வயது. 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் இங்கே இறங்கியபோது தந்த வாக்குறுதி, வந்துபோகும் சரக்குக்குச் சுங்கம் கிடையாது என்பதுதான். டச்சுக்காரர்களின் துறைமுகங்களில் கறாராக வசூல் நடந்த காலம் அது. பூகிஸ் படகுகளும் சீன ஜங்குகளும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரக்கலங்களும் இங்கே திரும்பியதற்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அதே ஆண்டு பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார்.

சுங்கம் இல்லையென்றால் காவலருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? முதல் ரெசிடென்ட் ஃபர்குவார் கண்ட வழி குத்தகை. அபினும் சாராயமும் விற்கும் உரிமையை அரசு ஏலம் விட்டது. எடுத்தவர் மாதாமாதம் பணம் கட்டினார், மீதியை மக்களிடம் கறந்துகொண்டார். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்தே வந்தது. காம்பீர், மிளகுத் தோட்டங்களில் முதுகு ஒடிய உழைத்த சீனக் கூலி, வலி தெரியாமலிருக்க இழுத்த புகைதான் துறைமுகத்தின் ‘வரியின்மை’க்கு முட்டுக்கொடுத்தது. வணிகர் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இது ஏறவில்லை.

1830-களின் நடுவில், கடற்கொள்ளையரை ஒடுக்கும் செலவுக்கு என்று சொல்லி, சரக்குக்கு வரி போட கல்கத்தாவிலிருந்த கம்பெனி அரசு முனைந்தது. கொள்ளையரை ஒடுக்கச் சொல்லி மனுமேல் மனு போட்டவர்களும் இதே வணிகர்கள்தான். வரி என்றதும் கொதித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. ஆனாலும் இனிக் கூட்டாக நிற்க வேண்டும் என்று தோன்றி, 1837 பிப்ரவரியில் சிங்கப்பூர் வர்த்தகச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஏ.எல். ஜான்ஸ்டன் அதன் முதல் தலைவர்.  அரசு சுருங்கட்டும், சந்தையில் கைவைக்காதிருக்கட்டும் என்று வணிகர்களே வாதாடினார்கள், தங்கள் இலாபத்தை ஒளிக்காமல்.

அடுத்த சண்டை நாணயத்துக்காக. ஊர் வாங்கியதும் விற்றதும் வெள்ளி டாலரில், கம்பெனி கணக்கு எழுதியதோ ரூபாயில். 1855-ல் ரூபாயைத் திணிக்க கல்கத்தா பார்த்தபோது பொதுக்கூட்டம் கூடியது. அடுத்து துறைமுகக் கட்டணம் பற்றிய பேச்சு கிளம்பியது. 1857-ல் இந்திய ஆட்சியிலிருந்தே தங்களைப் பிரித்துவிடும்படி லண்டன் நாடாளுமன்றத்துக்கு மனு போனது. இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்பதும் மனுவில் இருந்த புகார்.

அந்தக் கைதிகள் யார்? பிராஸ் பாசா சாலைச் சிறையில் அடைபட்டிருந்த தமிழர், வங்காளி, பஞ்சாபி, இன்னும் பலர். ஊரின் சாலைகளையும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தையும் கட்டியது அவர்கள் கை. வணிகர்கள் முகம் சுளித்த ஆளுநர் மாளிகையையும் அவர்களே எழுப்பினார்கள். கூலி கொடுத்துக் கட்டியிருந்தால் வணிகர்களின் முணுமுணுப்பு இன்னும் எத்தனை மடங்கு உரத்திருக்குமோ!

1867 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் அரச குடியேற்றமாயின. கேட்டது கிடைத்ததும் அடுத்த ஏமாற்றம். புதிய ஆட்சி கூடுதலாகச் செலவழித்தது, பேச்சுக்குக் காது கொடுக்கவில்லை. ஓராண்டுகூட ஆகவில்லை, 1868 ஜனவரியில், ஊர் திரும்பியிருந்த பழைய வணிகர்கள் லண்டனில் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் அசோசியேஷன்’ தொடங்கினார்கள். முன்னாள் ரெசிடென்ட் ஜான் கிராஃபர்ட் அதன் தலைவரானார். ஒரு காலத்தில் இதே ஊரில் குத்தகை ஏலத்தை நடத்தியவர் அவர்.

இந்த ஆரவாரத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளின் குரல் அதிகம் கேட்கவில்லை. தரையில் பாய் விரித்து, சாய்வு மேசைக்கும் பெட்டகத்துக்கும் பின்னால் அமர்ந்து, வங்கிகள் கண்டுகொள்ளாத சிறு கடைக்காரருக்குக் கடன் தந்த நகரத்தார், 1859-ல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயில் எழுப்பினார்கள். மனு எழுதிய கூட்டத்தைவிடத் தடையற்ற சந்தையில் நெருக்கமாக வாழ்ந்தவர்கள் இவர்கள்தான். இந்திய வணிகர்களுக்கென்று தனிச் சங்கம் 1924-ல்தான் வந்தது. இன்றைய சிங்கப்பூர் இந்திய வர்த்தக தொழிற்சபையின் வேர் அது.

வருமான வரியை வணிகர் உலகம் நீண்ட காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்தது. 1910-ல் வந்த யோசனை எதிர்ப்பில் கரைந்தது. 1917-ல் போர் வரி என்ற பெயரில் நுழைந்தது, போர் முடிந்த சில ஆண்டுகளில் வெளியேறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை வேறு. அபின் தடை செய்யப்பட்டிருந்தது, கஜானா காலி. வணிகர்களின் எதிர்ப்பை மீறி 1947-ல் சட்டம் இயற்றப்பட்டு, 1948 ஜனவரி 1 முதல் வருமான வரி நடைமுறைக்கு வந்தது.

அதே 1948 மார்ச்சில் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல். மக்கள் தேர்ந்தெடுக்க ஆறு இடங்கள், வர்த்தகச் சங்கங்களுக்கு மூன்று. ஐரோப்பியர் சங்கத்துக்கும் சீனர் சங்கத்துக்கும் இந்தியர் சங்கத்துக்கும் ஆளுக்கொன்று. இந்திய வர்த்தகர்களின் நாற்காலியில் குஜராத்தி வணிகர் ரஜபலி ஜுமாபாய் அமர்ந்தார். 1955-ல் ரெண்டல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது அந்த மூன்று நாற்காலிகளும் எடுக்கப்பட்டன. சங்கங்களின் ஆட்கள் மற்றவர்களைப் போலத் தெருவில் இறங்கி வாக்குக் கேட்க வேண்டியதாயிற்று.