நகர்வு (காஞ்சிபுரம்)

இடம்விட்டு இடம் பெயர்தல். சமூகப் படிநிலையில் ஏறுதல் அல்லது இறங்குதல். 'நகர்' என்ற சொல் ஊரையும் குறிக்கும், அசையவும் சொல்லும். காஞ்சிக்குப் பொருத்தமான தற்செயல்.

இரு பொருளும் ஒன்றுசேரும் அரிய சான்று 15ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் உண்டு. தண்டு எனப்பட்ட பல்லக்கில் ஏறிச் செல்வதும் சங்கு ஊதுவிப்பதும் அன்று விரும்பியவர் செய்யக்கூடியவை அல்ல; ஆட்சியாளர் வழங்கும் உரிமைகள். காஞ்சியின் நெசவாளரான கைக்கோளர் அவற்றைப் பெற்றிருந்தனர். அதையே முன்னுதாரணமாகக் காட்டிப் பிற வட்டார நெசவாளரும் தண்டும் சங்கும் பெற்றனர். ஒருவர் எவ்வளவு தூரம் போனார் என்று ஊர் கேட்கவில்லை. எதில் ஏறிப் போனார் என்று பார்த்தது.

நெசவாளரில் தெலுங்கு பேசும் சாலியர் போன்றோர் பெயர்ந்து வந்தவர்கள். தொழிலோ நேர்மாறு: குழித்தறியில் கால் மிதிக்க, நாள் முழுதும் ஒரே இடம். நெய்தவர் பார்த்திராத ஊர்களுக்குச் சேலை போய்விடும்.

20ஆம் நூற்றாண்டின் பெரிய ஏற்றம் சி. என். அண்ணாதுரையுடையது. 1909இல் இவ்வூர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார், சிறிது காலம் நகராட்சியில் எழுத்தர், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படிப்பு, 1967இல் முதலமைச்சர்.

இன்று தறிவீட்டுப் பிள்ளைகள் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறுகிறார்கள். மாதச் சம்பளம் ஏற்றமா, தறியை விட்டது இறக்கமா என்பதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து. அங்கே அவர்களில் சிலர் செய்வது கார்.