வளரும் நாடுகளில் கணக்கீட்டு நரம்பியல் கல்வி

கணக்கீட்டு நரம்பியல் என்பது மூளை தகவலைக் கையாளும் விதத்தைச் சமன்பாடுகளாலும் கணினி மாதிரிகளாலும் ஆராயும் துறை. ஸ்க்விட் என்னும் கணவாயின் பெரிய நரம்பிழையில் எழும் மின்துடிப்பை விளக்க, ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட சமன்பாடுகள் இதன் அடித்தளங்களுள் ஒன்று.

வாய்ப்பு

நரம்பணுவின் மின்னோட்டத்தை நேரடியாக அளக்கும் ஆய்வகம் அமைக்கப் பெருஞ்செலவாகும். மாதிரி அமைக்கவோ சாதாரணக் கணினியே போதும். நியூரான், நெஸ்ட், பிரையன் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வகுப்பறைப் பயிற்சி

மாதிரி நரம்பணு ஒன்றின் ஓய்வு மின்னழுத்தம் −70 மில்லிவோல்ட், துடிப்பு எழும் வரம்பு −55, சவ்வின் மின்தடை 100 மெகாஓம் எனக் கொள்வோம். 15 மில்லிவோல்ட் உயர வேண்டுமானால் 0.15 நானோஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் தேவை என்று மாணவர் ஓம் விதியைக் கொண்டு தாளிலேயே கணக்கிடலாம். பிறகு பைத்தானில் சில வரிகள் எழுதி, 0.14இல் அமைதியாக இருக்கும் நரம்பணு 0.16இல் துடிப்பதைத் திரையில் பார்க்கலாம்.

தடைகள்

முதன்மையான தடை பாடப்பிரிவுகளுக்கு இடையிலான சுவர். இந்தியாவில் உயிரியல் பட்டப்படிப்புக்கு வருவோரில் பலர் பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்கள். பொறியியல் மாணவர் பலர் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டவர்கள். இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கக்கூடிய ஆசிரியர்களும் குறைவு.

முயற்சிகள்

லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கான பயிலரங்கு 2006இல் பிரேசிலில் தொடங்கியது. ஆப்பிரிக்க மாணவர்களுக்குக் கேப் டவுனின் 'இம்பிசோ' பயிலரங்கு 2017 முதல் பயிற்சி தருகிறது. பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையம் மூஸ் என்ற மென்பொருளை உருவாக்கியதோடு, நினைவாற்றல் குறித்த பயிலரங்கையும் நடத்தியிருக்கிறது. கொரோனா காலத்தில், 2020இல், தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமி நாட்டின் பொருளாதார நிலைக்கேற்பக் கட்டணத்தைக் குறைத்தது. அதன் பாடங்களை உலாவியிலேயே இலவசமாக இயக்கிப் பார்க்கலாம்.

பாடத்திட்டத்தில் இடம்

பயிலரங்குகள் தேர்ந்தெடுத்த சிலரையே சென்றடைகின்றன. பல்கலைக்கழகத்தில் ஒரு பருவ விருப்பப் பாடமாக வந்தால்தான் இத்துறை பலருக்கும் எட்டும். முதல் சில வாரங்களில் வகைக்கெழுவையும் நிரலாக்கத்தையும் கற்பித்து, உயிரியல் மாணவரையும் பொறியியல் மாணவரையும் இணைத்து ஒரே செயல்திட்டம் தருவது பயனுள்ள வழி. புதிய கட்டடம் இதற்குத் தேவையில்லை. முதலில் செலவிட வேண்டியது ஆசிரியர் பயிற்சிக்கே.