700 அடி: பெங்களூர், 1990

எங்க ஊர்ப் பக்கம் ஜூன் மாதம் வந்தால் டீக்கடையில் முதல் கேள்வி "எத்தனை அடி?" என்பதுதான். எது என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். மேட்டூர்தான். 12ஆம் தேதி திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா, எல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது. 120 அடியைத் தொட்டுவிட்டால் பேச்சே இல்லை. வருகிற உபரியைத் திறந்தாக வேண்டும், கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போயாக வேண்டும்.

விமான விபத்து அறிக்கைகளைப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அவற்றிலும் இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: எத்தனை அடி? அதை யார் சொன்னார்கள்? சொன்ன பிறகு என்ன செய்தார்கள்?

1990 பிப்ரவரி 14. பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, பழைய எச்ஏஎல் விமான நிலையத்தில் இறங்க வருகிறது. நல்ல வெயில், ஓடுபாதை தெளிவாகத் தெரிகிறது. விமானம் ஏர்பஸ் ஏ-320, வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே 146 பேர். காக்பிட்டில் இருவருமே கேப்டன்கள். ஒருவர் ஓட்டுகிறார், மற்றவர் அவரைச் சோதிக்க வந்தவர். ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இருந்த கோல்ஃப் மைதானத்தில் விமானம் விழுந்து தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள்.

நீதிபதி சிவசங்கர் பட் தலைமையிலான விசாரணை நீதிமன்றம் ஊகித்தது இது: நிமிடத்துக்கு 700 அடி என்று இறங்கும் வேகத்தைக் கொடுக்க நினைத்து, பக்கத்துக் குமிழைத் திருகி, 700 அடி உயரம் என்று கொடுத்திருக்கலாம்.

இதன் விபரீதம் புரிய தஞ்சாவூருக்கு வாருங்கள். இங்கே தரை, கடல் மட்டத்திலிருந்து 200, 250 அடி. பெரிய கோயில் விமானம் (கோபுரத்தைத்தான் சொல்கிறேன்) 216 அடி. இரண்டையும் கூட்டினாலும் 500 தாண்டாது. 700 அடியில் வருகிற விமானம் கலசத்துக்கு மேலே தாராளமாகப் போய்விடும். ஆனால் பெங்களூரின் ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி. அங்கே 700 அடி என்றால் பூமிக்குள்ளே!

கணினி கேள்வி கேட்கவில்லை. கேட்ட உயரத்துக்கு இறங்க, இன்ஜின்களை 'ஐடில்' நிலையில் வைத்துவிட்டது. இதற்கு 'ஓப்பன் டிசென்ட்' என்று பெயர். விமானி மூக்கைத் தூக்கிப் பாதையைப் பிடிக்கப் பார்க்க, வேகம் கரைந்தது. 132 நாட் இருக்க வேண்டியது 106 வரை வந்தது.

என்னைத் தூங்கவிடாத இடம் இனிமேல்தான். இதை அவர்கள் கவனிக்காமல் இல்லை. மோதலுக்குச் சுமார் அரை நிமிடம் முன்பே, இவ்வளவு நேரமும் ஐடிலில்தானே இறங்கிக்கொண்டிருக்கிறாய் என்ற பொருளில் சோதனை கேப்டன் சொல்கிறார். அடுத்து 'ஃப்ளைட் டைரக்டர்' பற்றிப் பேச்சு. ஒருவர் தன்னுடையதை அணைத்துவிட்டார், இன்னொருவருடையது அணையவில்லை. இரண்டும் அணைந்தால்தான் தானியங்கி இன்ஜின் கட்டுப்பாடு வேகத்தைக் காக்கிற நிலைக்கு மாறும். இந்தப் பேச்சு நடக்கும்போதே உயரம் கரைகிறது. பிறகு இயந்திரமே வாய்விட்டு 400, 300, 200 என்று எண்ணுகிறது. த்ராட்டிலை முன்னே தள்ள வேண்டும், அவ்வளவுதான். கை போனபோது நேரம் போய்விட்டது. ஐடிலில் கிடக்கிற ஜெட் இன்ஜின் முழு விசைக்கு வரச் சில விநாடிகள் பிடிக்கும்.

பழைய விமானமாக இருந்தால் தப்பியிருக்குமா? அப்படியும் சொல்ல முடியாது. 1973 மே 31 அன்று மெட்ராஸிலிருந்து டெல்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் 440, புழுதிப் புயலில் இறங்கும்போது உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதியது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள், மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் உட்பட. ஓடுபாதை கண்ணில் படாமலே குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்றது விசாரணை. எல்லை என்று ஒரு எண் அங்கேயும் இருந்தது.

நான் மென்பொருள்காரன். நள்ளிரவில் சர்வர் எச்சரிக்கை வரும். குழுவில் ஒருவர் "மெமரி ஏறுதே" என்று போடுவார், நான்கு பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். சொன்னவர் சொல்லிவிட்டார், பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். காலையில் சர்வர் விழுந்து கிடக்கும். பெங்களூர் காக்பிட்டில் அந்த வாக்கியமும் அப்படித்தான் மிதந்தது. அது தகவலாக வந்தது, உத்தரவாக வரவில்லை.

இப்போதைய விதி கறார். மேகத்தில் 1,000 அடி, தெளிவான வானில் 500 அடி. அந்த உயரத்தில் வேகம், பாதை, இன்ஜின் விசை சரியாக இல்லை என்றால் இறங்கக் கூடாது, மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். துணை விமானி 'கோ அரவுண்ட்' என்றாலும் கேட்க வேண்டும்.

அதுவும் போதவில்லை என்பதற்கு மங்களூர் இருக்கிறது. 2010 மே 22, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் வந்துகொண்டிருந்தது. துணை விமானி மூன்று முறை திரும்பச் சொன்னார். இங்கே வந்தது தெளிவான சொல். கேப்டன் இறக்கினார், விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள்.

மேட்டூரில் 120 என்ற எண்ணைப் படித்தவர் யார், அவர் சீனியரா ஜூனியரா என்று தண்ணீர் பார்ப்பதில்லை. மதகு திறக்கிறது. காக்பிட்டிலும் 500 என்ற எண் அப்படித்தான் இருக்க வேண்டும்.